கை சொன்ன எடை

எதைத் தூக்குவதற்கு முன்னும் என் வீட்டுக்காரர் உள்ளங்கையை அதன் அடியில் கொடுத்து, ஒரு விரல் உயரத்துக்கு எழுப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். பிறகு கிலோவில் ஓர் எண்ணைச் சொல்வார். காய்கறிப் பை என்றால் "நாலரை." தண்ணீர் வாளி என்றால் "பன்னெண்டு." சொன்ன பிறகுதான் தூக்குவார். கேட்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்தும் சொல்வார்.

கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என்னைத் தூக்கிக்கொண்டு கடந்தார். அந்தப் பக்கம் இறக்கிவிட்டதும் "நாப்பத்தாறு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. அடுத்த வாரம் அவருக்குத் தெரியாமல் மருந்துக் கடை வாசலில் இருந்த மெஷினில் ஏறிப் பார்த்தேன். நாற்பத்தாறுதான்.

மகள் பிறந்தபோதும் அப்படியே. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். இவர் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டே முக்கால், துணியை எடுத்துட்டா" என்றார். நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு லாரி, ஒரு வண்டிக்காரர், இவர், இவருக்கு ஜோடியாக நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர். கூட நானும் போவேன். தட்டு, கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டதால் சுற்றுகிற பேப்பரில் இருப்பதைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து பழகியது. மூலையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறவளை வீடு மாறுகிறவர்கள் கவனிப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

படியில் கனமான சாமான் ஏறும்போது உயரமானவர் கீழே நிற்க வேண்டும், குட்டையானவர் மேலே. அப்போதுதான் சாமான் சாயாமல் போகும். இவர் குட்டை, ஆனால் தோள் கதவு அகலம். இரண்டு பேர் தோளிலும் அகலமான பெல்ட் இருக்கும். அதன் முனையில் இரும்புக் கொக்கி. சாமானுக்கு அடியில் பெல்ட்டை ஓட்டிக் கொக்கியை மாட்டி, "ம்" என்று ஒரு சத்தம். எழும்பிவிடும். இவருக்குத் தராசு என்று பெயர் வைத்ததே நெட்டைதான்.

"தராசண்ணே, இந்தப் பெட்டி?"

"முப்பத்தி மூணு."

"என்ன இருக்கு உள்ள?"

"புத்தகம். படிச்சவங்க வீட்டுக்கு வந்தா நம்ம முதுகுதான் பாஸாகணும்."

ஒரு தடவை நாலாவது மாடியிலிருந்து துணி துவைக்கிற மெஷினை இறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வேறு ஓர் ஆளும் வந்திருந்தார். அவர் எழுப்பப் போனபோது இவர் கையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இறக்கு, இறக்கு. உள்ள தண்ணி நிக்குது" என்றார். மெஷினைச் சாய்த்துக் குழாயைக் கழற்றினார்கள். ஒரு வாளிக்கு மேல் வந்தது. எப்படித் தெரிந்தது என்று அந்த ஆள் கேட்டார். "சாமானோட கனம் கையில உக்காரும். தண்ணியோட கனம் உக்காராது, நகரும். பாதிப் படியில நகர்ந்துச்சுன்னா ஆளையே கவுத்துரும்" என்றார். மூலையில் உட்கார்ந்து தட்டுகளைச் சுற்றியபடி அதைக் கேட்டேன். அது எனக்குள்ளே அப்படியே தங்கிவிட்டது.

அவர் எண் முதன்முதலாகத் தவறியது ஒரு பீங்கான் பெட்டியில். நான் அடுக்குகிற பீங்கான் பெட்டி எப்போதும் இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் இருக்கும். அது என் கைக்கே தெரியும். அன்றைக்கு அவர் எழுப்பிப் பார்த்துவிட்டு "முப்பது" என்றார்.

நெட்டை கையைத் தட்டிச் சிரித்தார். "அண்ணி, பார்த்தீங்களா? தராசுல துரு பிடிச்சிருச்சு!"

"இருபத்தொண்ணுதாங்க," என்றேன் மெல்ல.

அவர் மறுபடியும் கையைக் கொடுத்தார். முகம் மாறிவிட்டது. "என்ன வெச்சிருக்க இதுக்குள்ள?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். பெட்டியில் எதுவும் கூடியிருக்கவில்லை. குறைந்தது அவர் கைதான். அன்று மாலை சட்டையைக் கழற்றியபோது முதுகைப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சம்பழ அளவு. பெல்ட் உரசி வந்த வீக்கம் என்று அதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் என்றார்கள். கழுத்தில் இருந்தது சின்னது. வயிற்றுக்குள் இருந்ததுதான் பெரியது. டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசாதவர்.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. மொத்தம் ஆறு தடவை. ஆறும் முழுசா போனா நல்லா வர வாய்ப்பு இருக்கு," என்றார்.

"ஆறு மாடி," என்றார் இவர்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

முதலில் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். சுமை தூக்குகிறவர் என்பது தெரிகிறது, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னார். இவருக்கு அதில் ஒரே பெருமை. வெளியே வந்து நெட்டையிடம் போனில் முதலில் சொன்னது அதைத்தான், கட்டியைப் பற்றி அல்ல.

மருந்தில் ஒன்று சிவப்பு. அதைப் பாட்டிலில் தொங்கவிட மாட்டார்கள். பெரிய ஊசிக்குழலில் நிரப்பி, நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெல்ல மெல்ல ஏற்றுவார். முடிந்த பிறகு சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். இன்னொன்று நிறமில்லாத சின்ன மருந்து. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் குடலைக் கட்டிப்போட்டது அதுதான்.

முதல் தடவைக்குப் பிறகு ஆறு நாள் அவருக்கு வெளியே போகவில்லை. வயிறு பலகை போல ஆனது. சாப்பிட்டது கீழே இறங்காமல் மேலே வந்தது. குடல் நகர்வதையே மறந்துவிட்டது என்றார் டாக்டர். குடலும் ஒரு சதைதான், அதற்கும் அசைய வேண்டும் என்கிற உத்தரவு நரம்பு வழியாகப் போக வேண்டும், மருந்து அந்த நரம்பை மரக்கச் செய்துவிட்டது என்று விளக்கினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் இவர் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி, "பீரோ மாட்டிக்கிச்சு, மாடி வளைவுல பீரோ மாட்டிக்கிச்சு" என்று முனகிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை கழிவறைக்குப் போய்விட்டு வந்து, உலகத்தையே ஜெயித்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார். "இறங்கிருச்சு," என்றார். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.

நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது தடவை முடிந்தபோது தொடை என் கைக்குள் அடங்கியது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, இரண்டு மூன்று தடவை ஆடி, அப்புறம்தான் எழுவார். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவார். மேலேயும் கீழேயும் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பீரோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின மனிதர் கையில் வெறும் குடையோடு படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. எல்லோரும் சுவரைப் பார்த்தபடி போவார்கள்.

டாக்டர் சொன்னார்: "நோய் உடம்புக்குள்ள தீ மாதிரி. விறகு கிடைக்கலன்னா சதையை எடுத்து எரிக்கும். நீங்க சாப்பிடறது அதுக்குப் பத்தல. இப்ப அறுபத்தாறு இருக்கீங்க. வந்தப்ப எழுபத்தொன்பது. அறுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கினா மருந்தை நிறுத்திட்டு, உடம்பைத் தேத்தின பிறகுதான் அடுத்தது."

அறுபத்தைந்து. அந்த எண்ணைத்தான் அவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முட்டை, பால், சூப் என்று என்னால் முடிந்ததை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். வாயில் புண். நாக்கில் இரும்பு ருசி என்பார். ஒரு முட்டையைச் சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். என் மனசு நோகக் கூடாதென்று சாப்பிடுவார், பிறகு கழிவறையில் போய் வாந்தி எடுத்துவிடுவார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் எடுப்பார், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று. எனக்குக் கேட்கும்.

மூன்றாவது தடவைக்குப் போகிற நாள் காலையில் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அறைக்குள் போனேன். சட்டைக்கு அடியில், இடுப்பைச் சுற்றி, தூக்குகிற பெல்ட்டை இரண்டு சுற்று சுற்றியிருந்தார். கொக்கிகளை முதுகுப் பக்கம் திருப்பி உள்ளே செருகியிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டார்.

"என்னங்க இது?"

"ரெண்டரை," என்றார். "போதும்."

அன்றைக்கு மருத்துவமனையில் எடை மெஷின் அறுபத்தைந்தரை காட்டியது. நர்ஸ் எழுதிக்கொண்டார். நான் அந்தச் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு படம். ஒவ்வொன்றாக எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பயம். ஒரு தடவை நிறுத்தினால் அப்புறம் ஆரம்பிக்கவே மாட்டார்களோ என்கிற பயம். அவர் பொய் சொன்னார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது தடவைக்கு ஒரு பெல்ட் போதவில்லை. நெட்டையின் பெல்ட்டையும் கேட்டு வாங்கியிருந்தார். எதற்கென்று நெட்டைக்குத் தெரியாது. "அண்ணன் மறுபடியும் வேலைக்கு வர ஆசைப்படறாரு அண்ணி, பெல்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கணுமாம்," என்று என்னிடம் கண்கலங்கச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் எடை ஏற ஆரம்பித்தது.

நாலாவது முடிந்து இரண்டாவது வாரம். அவர் சட்டை மறுபடி இறுக்கமானது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. நெட்டை பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, "அட, தராசண்ணே! சதை போட்டுட்டீங்களே! அண்ணி என்ன ஊட்டறாங்க, எங்க வீட்லயும் சொல்லுங்க!" என்றார். மகள் வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள், சந்தோஷத்தில். "அம்மா, மருந்து வேலை செய்யுதும்மா" என்றாள்.

அவர் சாப்பிட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் பாதி முட்டை. அதற்கு முந்தின நாள் ஒரு தம்ளர் பால், அதிலும் பாதி. அதிலிருந்து இந்த உடம்பு எப்படி வரும்?

கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டார். கை வைத்த மர நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். கேட்டால் முதுகு வலி என்றார். மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. பேசும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு மத்தியானம் அவர் காலுறையைக் கழற்றினேன். காலுறையின் விளிம்பு பதிந்த இடம் கயிறு கட்டினது போலப் பள்ளமாக இருந்தது. கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஈர மண்ணில் விரல் வைத்தது போல.

நிமிர்ந்து பார்த்தேன். அவரும் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் உள்ளங்கையைத் தன் தொடைக்கு அடியில் கொடுத்து, ஒரு விரல் உயரம் எழுப்பி, கீழே வைத்தார்.

எண்ணைச் சொல்லவில்லை.

"எவ்வளவுங்க?" என்று கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சதை வந்திருக்கு."

"சதைன்னா எண்ணைச் சொல்லுங்க."

"போய் வேலையைப் பாரு."

"கையில உக்காருதா, நகருதா?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் எழப் பார்த்தார், முடியவில்லை. மூச்சு அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இன்னும் ரெண்டுதான்," என்றார். குரல் கெஞ்சியது. அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை. "நாலு மாடி ஏறியாச்சு. நடுவுல பீரோவை வெச்சுட்டு எவனாவது வீட்டுக்குப் போவானா? ரெண்டு மாடி. அப்புறம் தண்ணியோ மண்ணோ, பார்த்துக்கலாம்."

"மூச்சு வாங்குதே…"

"வாங்கட்டும். வாங்குற வரைக்கும் இருக்குல்ல? நீ வாயைத் திறந்தா நிறுத்திருவாங்க. நிறுத்தினா அது திரும்ப வரும். வந்தா நான் இல்ல. எது வேணும்னு நீயே சொல்லு."

நான் கழற்றின காலுறையை மடித்தேன்.

"நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே," என்றார். "அப்படியே இரு. எனக்காக."

அன்றைக்கும் ஐந்தாவது தடவைக்கும் நடுவில் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் தூங்கும்போது எதிரே உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். சொன்னால் கட்டி அவரைக் கொல்லும். சொல்லாவிட்டால் தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரைக் கொல்வதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. மகளுக்குப் போன் செய்து, அவள் எடுத்ததும், "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டு தடவை.

ஐந்தாவது நாள் வந்தது. அவர் பெல்ட்டைத் தொடவே இல்லை. தேவைப்படவில்லை. மெஷினில் ஏறினார்.

"அறுபத்தாறு! பரவாயில்லையே ஐயா, ஏறிட்டீங்களே!" என்றார் நர்ஸ். "சூப்பர்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை எதுவும் இல்லை. என் வாயை நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் ஊசி குத்தினார்கள். முதலில் வாந்திக்கான மருந்து போனது. பிறகு நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் சிவப்பு மருந்து நிரப்பின ஊசிக்குழல். அதை மாட்டுவதற்காக மூடியைத் திருகினார்.

"சிஸ்டர்," என்றேன்.

சத்தம் வெளியே வரவில்லை. மறுபடியும், "சிஸ்டர், அது தண்ணி" என்றேன்.

"என்னம்மா? தண்ணி வேணுமா?"

"உடம்புல. உடம்புல நிக்கறது தண்ணி. சதை இல்ல." நான் குனிந்து அவர் பேண்ட்டை முழங்கால்வரை தூக்கினேன். கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். தேவைக்கு மேல் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. குழி அவ்வளவு ஆழமாக விழுந்தது. "படுத்து ரெண்டு வாரம் ஆச்சு. உக்காந்துதான் தூங்கறாரு. முன்னாடி சொன்ன எடையும் பொய். இடுப்புல பெல்ட் கட்டிட்டு ஏறினாரு. எனக்குத் தெரியும்."

நர்ஸ் ஊசிக்குழலைத் தட்டில் வைத்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. அவர் கால் மட்டும் என் கையில் இருந்தது. கனமாக, குளிர்ந்துபோய்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். முதல் ஸ்கேனில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் வந்த ரத்தத்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கைத் தள்ளியிருந்தது. இப்போது இருபத்தேழு. சிவப்பு மருந்து இதயத்தின் சதையைத் தளரவைத்துவிட்டது, தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நீராகக் கசிந்து, காலிலும் நுரையீரலிலும் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு அந்த மருந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

பெல்ட் விஷயத்தைக் கேட்ட டாக்டர், பழைய எடை எழுதின தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பெல்ட்டால இதயம் கெடல," என்றார் கடைசியில். "மருந்தாலதான். அது சிலருக்கு ஆகும். ஆனா மூணாவது தடவையே சரியான எடை தெரிஞ்சிருந்தா நாங்க நின்னிருப்போம். நின்னா மறுபடி எல்லாத்தையும் பார்த்திருப்போம். நீங்க எங்களைப் பார்க்க விடல."

அவர் "நீங்க" என்றது எங்கள் இரண்டு பேரையும்தான்.

நீர் பிரிய ஊசி போட்டார்கள். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தோம். ஒன்பது கிலோ தண்ணீர் போனது. தண்ணீர் வடிய வடிய உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். ஐம்பத்தேழு கிலோ. விலா எலும்பை எண்ணலாம். முழங்கால் தொடையை விடப் பெரிது. கட்டிலில் இருந்த அந்த உருவத்தைப் பார்க்க வந்த மகள் கதவிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

நான் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

பதினோரு நாளும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடம் பேசினார். நர்ஸிடம் பேசினார். தரை துடைக்க வருகிறவரிடம்கூட மழை வருமா என்று கேட்டார். நான் ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறப்பார், கண் மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். நிறுத்திவிட்டார்களே, இனி என்ன செய்வார்கள் என்கிற கேள்வி அறைக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்தது. அதை அவர் என்னிடம் கேட்கவும் இல்லை, என்னை மன்னிக்கவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பின நாள் நெட்டை லாரியிலேயே வந்தார், வண்டிக்காரரோடு. எங்கள் கட்டடத்தின் வாசலில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலிக்கு அடியில் பெல்ட்டை ஓட்டினார்கள். அதே இரண்டு பெல்ட். நெட்டை கீழ்ப்பக்கம், வண்டிக்காரர் மேல்பக்கம். கொக்கியை மாட்டினார்கள். "ம்" சொல்ல வேண்டிய இடத்தில் நெட்டை நின்றுவிட்டார்.

"எண்ணைச் சொல்லுங்கண்ணே. சொல்லாம எதையும் தூக்கிப் பழக்கம் இல்ல."

அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லலன்னா இங்கயே உக்காந்திருங்க. நானும் உக்காந்துக்கறேன். எனக்கு இன்னிக்கு வேற லோடு கிடையாது."

"சேரோட அறுபத்தொண்ணு," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "சேர் நாலு."

"போன வாரம் ஒரு வாத்தியார் வீட்டு அலமாரி. உங்களை விட ரெண்டு மடங்கு கனம். நீங்கல்லாம் ஒரு லோடா?"

நெட்டை சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "ம்" என்றார். நாற்காலி எழும்பிவிட்டது.

தூக்கிக்கொண்டு போகிறபோதே, சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் இறக்கிவைத்தார்கள். நான் ஐந்தாறு படி கீழே, மருந்துப் பையோடு நின்றேன். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அங்க என்ன நிக்கற?" என்றார். "முன்னாடி போய்க் கதவைத் திற. சாமான் வருதுல்ல."

ஒவ்வொரு வேலையிலும் கடைசி மாடியில் என்னிடம் சொல்கிற வார்த்தைதான். நான் சுவரோடு ஒட்டி அவர்களைத் தாண்டி ஏறினேன். சாவி கதவில் நுழையவில்லை, கண்ணீர் மறைத்தது. நான் சொன்னது சரி என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

இதெல்லாம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. சிவப்பு மருந்து இல்லாமல் வேறு மருந்தை நான்கு தடவை கொடுத்தார்கள். கழுத்துக் கட்டி போய்விட்டது. வயிற்றுக்குள் இருந்தது சுருங்கியிருக்கிறது; போகவில்லை. பலமான மருந்தை அவர் இதயம் தாங்காது, இதைவிட லேசானது இப்போதைக்கு இல்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்கிறார்கள். இதயம் இப்போது முப்பத்து நான்கு பங்கு தள்ளுகிறது. குடல் வேலை செய்கிறது, தினமும் இல்லை. அவர் கையால் எதையும் எழுப்பிப் பார்ப்பதில்லை. நெட்டைக்கு வேறு ஜோடி வந்துவிட்டது.

கழிவறைக்குப் பக்கத்தில் ஓர் எடை மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம். தினமும் காலையில், சட்டை இல்லாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். ஏறின பிறகு தோளை விட்டுவிடுவார். எண்ணை நான் சொல்ல வேண்டும்; இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே கொண்டுபோக வேண்டும். இன்று காலை ஐம்பத்தெட்டு. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. பிறகு வெளியே மாடிப்படியில் ஒன்பது படி ஏறி உட்கார்ந்தார். கட்டி உள்ளேதான் இருக்கிறது.